கரையடியில் கோரை பச்சையாக இருந்தது

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை நாலே முக்கால் மணிக்கு எங்கள் ஊர் ஏரிக்கரை உடைந்தது. அந்த நேரத்தில் கரைமேல் நின்றிருந்தவன் நான் ஒருவன்தான். கையில் ஒரு டார்ச் லைட், தலையில் உரச் சாக்கு, சட்டைப் பையில் பாலித்தீன் உறைக்குள் செல்போன். உடைவதற்கு ஆறு மணி நேரத்துக்கு முன்பே அது உடையப்போகிறது என்று கண்ணுக்கு எதிரே சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சு எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது, ஒரு போகமும் சேமிப்பில் பாதியும் போன பிறகு. ஏரிக்கரைக்குக் கீழே வீடோ நிலமோ வைத்திருக்கும் யாருக்காவது உதவட்டும் என்றுதான் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். என் தவறுகளையும் சேர்த்து.

நான் ஓய்வுபெற்ற தபால்காரன். முப்பத்தோரு ஆண்டுகள் சைக்கிளில் ஏழு ஊர்களுக்குக் கடிதம் கொடுத்தவன். ஓய்வுக்குப் பிறகு அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கரைப் பார்த்துக்கொள்கிறேன். விழுப்புரம் மாவட்டத்தில் மேட்டுப்பாங்கான ஒரு சின்ன ஊர். ஏரியும் சின்னதுதான். கரை ஒன்றேகால் கிலோமீட்டர் நீளம். உயரம் நடுமதகு இருக்கும் பள்ளத்தில் பன்னிரண்டு அடி, போகப்போகக் குறையும். மூன்று மதகுகள். வடகோடியில் கலங்கல். ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே தண்ணீர் வழிந்தால் ‘ஏரி கோடி போகிறது’ என்று ஊரே போய் வேடிக்கை பார்க்கும். சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பாசனத்துக்கு என்று சொன்னாலும், மேலே நான்கு ஏரிகளின் உபரி நீரைப் பிடித்து நிறுத்திக் கீழ் ஊரை வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதும் இதே மண்கரைதான். என் நிலம் நடுமதகுக்கு நேர்கீழே. அருமையான இடம் என்று அப்பா சொல்வார். முதல் தண்ணீர் நமக்குத்தான் என்பார். முதல் வெள்ளமும் நமக்குத்தான் என்பதை அவர் சொல்லவில்லை.

கதை அந்த இரவில் தொடங்கவில்லை. 2023 தீபாவளி கழிந்து ஒரு வாரத்தில் தொடங்குகிறது. மாட்டுக்குப் புல் அறுக்கப் போனபோது நடுமதகின் தென்பக்கம், கரையின் அடிவாரத்தில், ஒரு கட்டில் அகலத்துக்குக் கோரை பச்சைப்பசேல் என்று இருந்தது. சுற்றிலும் அவ்வளவு பச்சை இல்லை. காலை வைத்தேன், கணுக்கால் வரை இறங்கியது. ஏரியில் அப்போது முக்கால் அளவு தண்ணீர். கொஞ்சம் கசிகிறது போலிருக்கிறது, மாட்டுக்குப் புல்லாவது கிடைக்கிறதே என்று அறுத்துக்கொண்டு வந்துவிட்டேன். உண்மையில் சந்தோஷப்பட்டேன். அடுத்த கோடையில் ஏரி வற்றியபோது அந்தக் கோரையும் காய்ந்துபோனது. அப்போதாவது யோசித்திருக்க வேண்டும்: ஏரித் தண்ணீர் ஏறினால் ஈரம், இறங்கினால் காய்ச்சல் என்றால் அது ஊற்று இல்லை, கரைக்குள் ஓடிவரும் ஏரித் தண்ணீர்.

மண்கரை என்றால் தண்ணீர் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிவு எல்லாம் ஆபத்தில்லை. எங்கே கசிகிறது, எப்படிக் கசிகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மதகின் பக்கவாட்டு என்பது எந்த மண்கரைக்கும் பலவீனமான இடம். கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய மதகுக்குழாய்க்கும் சுற்றியிருக்கும் மண்ணுக்கும் இடையில் ஒட்டு விட்டுப்போகும். அந்த இடுக்கில் தண்ணீர் புகுந்தால் வெளிப்பக்க வாயிலிருந்து தொடங்கி மண்ணைத் துளித்துளியாக எடுத்துக்கொண்டே ஏரிப்பக்கம் நோக்கி ஒரு குழாய் வளர்ந்துகொண்டே போகும். மேலே புல் முளைத்த கரை அசையாமல் இருக்கும். உள்ளே ஓட்டை வளரும். கரையில் ஈரம் எங்கே கண்டாலும் கவனிக்க வேண்டும், மதகை ஒட்டிக் கண்டால் அன்றைக்கே எழுத வேண்டும்.

நான் எழுதவில்லை. வாயால் சொன்னேன். 2024 ஜூனில் கடைத்தெருவில் ஓர் அலுவலரைப் பார்த்தபோது, “சார், நடுமதகுப் பக்கம் கசிவு இருக்கிறது” என்றேன். “மழைக்கு முன்னால் பார்த்துவிடலாம் ஐயா” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். செப்டம்பரில் அவர் இடமாறுதலில் போய்விட்டார். அவரோடு என் புகாரும் போய்விட்டது. ஊர் ஊராகப் பதிவுத் தபால் கொண்டுபோய், ஒப்புதல் அட்டையில் கையெழுத்து வாங்கி, அதைத் திருப்பி அனுப்பியே சம்பளம் வாங்கியவன் நான். ஒரு தாளில் தேதி போட்டு எழுதி, ஒப்புதல் அட்டையோடு அனுப்பியிருந்தால் அந்த நாற்காலிக்கு யார் வந்தாலும் அந்தத் தாள் அங்கே இருந்திருக்கும். பிறர் புகார்களை ஆயிரக்கணக்கில் சுமந்தவனுக்குத் தன் புகாரை எழுதத் தோன்றவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் என் மேல்தான் முதலில் கோபம் வருகிறது.

அக்டோபரில் மனம் கேட்காமல் நேரில் போனேன். முதல் அலுவலகத்தில், “அது எங்கள் ஏரி இல்லை, அடுத்த அலுவலகத்தைக் கேளுங்கள்” என்றார்கள். அடுத்த அலுவலகத்தில், “அவர்களுடையதுதான், ஏன் உங்களை இங்கே அனுப்பினார்கள்?” என்றார்கள். பஸ் செலவு போக அரை நாள் போனது. வீட்டுக்கு வந்து, “நம் ஏரிக்குத் தகப்பன் யார் என்று தெரியவில்லை” என்று சொன்னபோது மனைவி சிரித்தாள். சிரிக்கிற விஷயமாகத்தான் அப்போது இருந்தது. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் இருக்கின்றன. ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலப்பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறையின் பொறுப்பு, அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு என்பது பொது வழக்கம். 40 ஹெக்டேர் என்றால் 99 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. எங்கள் ஏரிக்கு ஒரு கணக்கில் 102 ஏக்கர், இன்னொரு கணக்கில் 94. நடுவில் எட்டு ஏக்கர் வீட்டு மனையாகப் போனதைக் கழித்தவர்கள் ஒரு பக்கம், கழிக்காதவர்கள் இன்னொரு பக்கம். இந்த எட்டு ஏக்கர் இடுக்கில்தான் எங்கள் கரை விழுந்தது என்று நான் சொல்வேன்.

பெரிய அணைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. 2021-இல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் யார் பொறுப்பு, யார் பார்வையிட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. பருவமழைக்கு முன்னும் பின்னும் கட்டாயம் ஆய்வு செய்ய வேண்டும் என்கிறது. ஆனால் அந்தச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்குத்தான். 10 முதல் 15 மீட்டர் வரை என்றால் கரை நீளம் 500 மீட்டருக்குக் குறையாமல் இருப்பது, கொள்ளளவு பத்து லட்சம் கன மீட்டருக்குக் குறையாமல் இருப்பது போன்ற நிபந்தனைகளில் ஏதாவது ஒன்று பொருந்த வேண்டும். எங்கள் கரை நாலு மீட்டர்கூட இல்லை. சட்டத்தைக் குறை சொல்லவில்லை. எங்காவது ஒரு கோடு கிழிக்கத்தான் வேண்டும். கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் தங்கள் கரையைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் யாரும் நமக்குச் சொல்லாமல் விட்ட செய்தி. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழுவையே சொல்கிறது. பத்தாம் நூற்றாண்டில் ஏரியைப் பார்க்க ஆட்களைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் கடைசியாக இருந்த நீர்க்கட்டி கண்மூடிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர் மழைநாளில் மண்வெட்டியோடு கரையைச் சுற்றி வருவார். அதற்கு ஊர் அவருக்கு மூட்டைக் கணக்கில் நெல் கொடுக்கும். அவருக்குப் பிறகு நெல் மிச்சம் என்று விட்டுவிட்டோம்.

இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கும் ஒன்று. அந்த அக்டோபரில் கலங்கல் மீது மணல் மூட்டை அடுக்கினோம். ஒரு அடி உயரத்துக்கு. முந்தின கோடையில் ஏரி சீக்கிரம் வற்றிவிட்டது, இந்த முறை ஒரு அடி கூடுதலாக நிறுத்திக்கொண்டால் கடைசித் தண்ணீருக்கு உதவும் என்று ஊரே பேசி, ஊரே செய்தோம். மூட்டை தூக்கியவர்களில் நானும் உண்டு. நிறைய ஊர்களில் செய்கிறார்கள். தண்ணீர் மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் இடையில் விட்டுவைத்திருக்கும் வெற்று உயரம் யாரோ மறந்துபோய் விட்ட இடம் இல்லை. அலைக்கும், எதிர்பாராத வெள்ளத்துக்கும் ஒதுக்கிய இடம் அது. அதில் ஒரு அடியை நாங்கள் திருடிக்கொண்டோம். அதோடு கரையின் ஒவ்வொரு அங்குலத்திலும் தண்ணீர் தள்ளும் வலு கூடியது. ஏற்கெனவே கசிந்துகொண்டிருந்த நடுமதகிலும்தான்.

நவம்பர் 30 சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் அன்று இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்து போயிருந்தால் பரவாயில்லை, நகராமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. எங்களுக்குப் பக்கத்திலிருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பதிவானதாக மறுநாள் தெரிந்தது. இரவு பத்தரை மணிக்குத் தோட்டத்து மோட்டார் அறையில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்கப் போனேன். வரப்பில் நடக்கும்போது நடுமதகுப் பக்கமிருந்து ஒரு சத்தம். பானையில் கஞ்சி கொதிக்கிற மாதிரி. டார்ச் அடித்தேன். கோரை இருந்த இடத்தில், உள்ளங்கை அகலத்தில், தரையிலிருந்து தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி எறும்புப் புற்று வாய்போல வட்டமாகப் புதுமண் ஒதுங்கியிருந்தது. தண்ணீர் பால் கலக்காத டீ நிறத்தில் இருந்தது.

அந்த வட்ட மண்ணும் அந்த நிறமும் சொன்ன செய்தி ஒன்றே: கரையின் உள்ளிருந்து மண் வெளியே வந்துகொண்டிருக்கிறது. தெளிந்த தண்ணீர் கசிந்தால் பொழுது விடியும் வரை கண்காணிக்கலாம். கலங்கிய தண்ணீர் வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. இந்த ஒரு வரி எனக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தால் போதும். எனக்கு என்ன தோன்றியது என்றால், மழைத்தண்ணீர் என்றால் கலங்கிய நிறமாகத்தானே இருக்கும் என்று தோன்றியது.

பிறகு செய்தது அதைவிட மோசம். ஓட்டையை அடைக்கலாம் என்று முடிவு செய்தேன். மோட்டார் அறையிலிருந்து உரச் சாக்கு இரண்டு எடுத்து, களிமண் திணித்து, குமிழி விடும் வாயில் வைத்து மிதித்தேன். நின்றது. பத்து நிமிடம் நிம்மதியாக மூச்சு விட்டேன். அதற்குப் பிறகு இரண்டடி தள்ளி வேறு இடத்தில் கிளம்பியது, முன்னைவிட வேகமாக. அதையும் அடைத்தேன். மூன்றாவதாக மதகுச் சுவரை ஒட்டியே வந்தது. பின்னாளில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் விளக்கினார்: வெளியே வரும் வாயை ஒருபோதும் அடைக்கக் கூடாது, அடைத்தால் அழுத்தம் உள்ளே சேர்ந்து வேறு வழி தேடும். குமிழியைச் சுற்றி நாலைந்து அடி தள்ளிக் கிணற்றுச் சுவர் மாதிரி வட்டமாக மணல் மூட்டைகளை அடுக்க வேண்டும். உள்ளே தண்ணீர் தேங்கி உயர உயர, ஏரிக்கும் அதற்கும் உள்ள மட்ட வித்தியாசம் குறையும், வேகம் தணியும். தண்ணீர் தெளிவாக வழிகிற உயரம் வரை அடுக்கினால் போதும், நிறுத்த முயலக் கூடாது. கையில் பருமணலும் ஜல்லியும் இருந்தால் குமிழியின் மேல் முதலில் மணல், அதன்மேல் ஜல்லி என்று கொட்டலாம். தண்ணீர் போகும், மண் நிற்கும். அடைப்பதென்றால் ஏரிப்பக்கத்தில்தான் அடைக்க வேண்டும். அங்கே தண்ணீரில் சுழி தெரிந்தால் வைக்கோல் கட்டும் களிமண்ணும் தார்ப்பாயும் போடலாம், பகல் வெளிச்சமும் ஆள் பலமும் இருந்தால். இரவில் தனி ஆளுக்கு இதில் எதுவும் ஆகாது.

பதினோரு மணிக்குப் போன் செய்யத் தொடங்கினேன். எனக்குத் தெரிந்த அலுவலர்களின் எண்களுக்கு. சனிக்கிழமை இரவு, புயல், பாதி இடங்களில் டவர் இல்லை. ஒருவர் எடுத்தார், காலையில் ஆள் அனுப்புவதாகச் சொன்னார். நாற்பது நிமிடங்கள் இதிலேயே போயின. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்றும், மாநில அறைக்கு 1070 என்றும் எண்கள் இருப்பது எனக்குத் தெரியும். பேரிடர் காலச் சுவரொட்டிகளில் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. ஆகவே எழுதி மோட்டார் அறைக் கதவில் ஒட்டிவையுங்கள், செல்போனில் மட்டும் நம்பி இருக்காதீர்கள். அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது வேறு: கரைக்குக் கீழே இருக்கும் வீடுகளை எழுப்புவது. நான் அதைப் பன்னிரண்டரைக்குத்தான் செய்தேன். கீழே ஒன்பது வீடுகள். கதவைத் தட்டி, “ஏரி தாங்காது போலிருக்கிறது, பள்ளிக்கூடத்துக்குப் போங்கள்” என்றேன். ஏழு வீட்டார் உடனே கிளம்பினார்கள். ஒரு வீட்டில், “தாத்தா, நீங்கள் பயப்படுகிறீர்கள், போய்ப் படுங்கள்” என்றான் பையன். இன்னொரு வீட்டில் ஆட்டுக்குட்டிகளை விட்டு வர மாட்டேன் என்று கிழவி அழுதாள். பையனைத் திட்டி, கிழவியைத் தூக்கிக்கொண்டு போனோம். ஆடுகளில் மூன்று போயின. மனித உயிர் ஒன்றும் போகவில்லை. அந்த இரவில் நான் சரியாகச் செய்தது இது ஒன்றுதான், அதுவும் இரண்டு மணி நேரம் தாமதமாக.

இரண்டு மணிக்கு இளைஞர்கள் ஆறு பேர் வந்தார்கள். அப்போதாவது கலங்கலுக்குப் போய் அந்த மணல் மூட்டைகளைத் தள்ளியிருந்தால் மட்டம் இறங்கத் தொடங்கியிருக்கும். எல்லாருடைய கண்ணும் ஓட்டையில்தான் இருந்தது. மூன்று மணிக்கு மேல் ஒருவனுக்கு நினைவு வந்து ஐந்து பேர் வடகோடிக்கு ஓடினார்கள். மார்பளவு வேகத் தண்ணீரில் நெருங்க முடியாமல் திரும்பினார்கள். அவர்களை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு நான் மட்டும் மதகிலிருந்து நூறு அடி தள்ளி நின்றேன். அதுவும் முட்டாள்தனம். நிற்கும் இடமே போகலாம். நாலரைக்குக் கரை உச்சியில், மதகுக்கு நேர்மேலே, தொட்டில் மாதிரி ஒரு பள்ளம் விழுந்தது. மழை மேலே விழுந்து அதில் தேங்கி நின்றது. கால் மணி நேரம். பிறகு அந்தப் பள்ளம் சத்தமே இல்லாமல் கீழே போனது. அடுத்த நொடியில் சத்தம் வந்தது. அதை எழுத எனக்குத் தெரியவில்லை. விடிந்தபோது அறுபதடி அகலத்துக்குக் கரை இல்லை. மதகின் கற்கள் என் வயலில் கிடந்தன.

இரண்டு ஏக்கர் சம்பா, பொதி கட்டும் பருவம். அதுவரை செலவு 54,000 ரூபாய். ஒரு ஏக்கரில் பயிர் இருந்த அடையாளமே இல்லை, முட்டளவு மணல். ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைச் சரிசெய்ய 17,500. பொக்லைனும் டிராக்டரும் வைத்து மணலை அள்ள 38,000. என் ஓய்வூதியச் சேமிப்பில் இருந்து எடுத்தது. வந்தது என்னவென்றால் குடும்பத்துக்கு அரசு அறிவித்த 2,000 ரூபாயும், பயிர் நிவாரணமாக ஹெக்டேருக்கு 17,000 என்ற கணக்கில் சுமார் 13,700 ரூபாயும்.

இங்கே ஒரு பாடம், பணம் கொடுத்துக் கற்றது. பேரிடர் நிவாரண விதிகளில் பயிர் இழப்பு என்பது ஒரு தலைப்பு. நிலத்தில் படிந்த மணலை அகற்றுவது என்பது தனித் தலைப்பு. மூன்று அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்திருந்தால் சிறு, குறு விவசாயிகளுக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் என்று அப்போது இருந்தது. என் ஒரு ஏக்கருக்குச் சுமார் 7,280 ரூபாய் வந்திருக்கும். நான் கணக்கெடுப்புக்கு ஆள் வருவதற்கு முன்பே, நிலத்தைப் பார்க்கப் பொறுக்காமல், மணலை அள்ளிவிட்டேன். “படிந்ததற்கு அத்தாட்சி என்ன ஐயா?” என்று கேட்டபோது அள்ளிய செலவுக்கான துண்டுச் சீட்டு மட்டும் என்னிடம் இருந்தது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஓர் அளவுகோலை மணலில் குத்தி, பக்கத்தில் அன்றைய செய்தித்தாளை வைத்து நாலு மூலையிலும் படம் எடுத்திருந்தால் போதும். கிராம நிர்வாக அலுவலரை அழைத்துக் காட்டிவிட்டு அள்ளியிருக்கலாம். கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் பயிர் ஏறியிருக்கிறதா என்பதையும் வெள்ளம் வருவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து நிலத்துக்காரர் குத்தகைக்கு உழுதவர், அவர் பெயர் எதிலும் இல்லை. அவருடைய பயிரும் என் பயிர் மாதிரிதான் போனது. அவருக்கு நிவாரணமாக ஒன்றும் வரவில்லை. அதைப்பற்றி எழுத இன்னொரு நாள் வேண்டும்.

ஜனவரியில்தான் எழுத ஆரம்பித்தேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டி, இரண்டு அலுவலகங்களுக்கும் ஒரே மனு. கேட்டது இவை: இந்த ஏரியின் ஆயக்கட்டு எவ்வளவு, பராமரிப்பு யாருடையது, கடைசி மூன்று ஆண்டுகளில் மழைக்கு முன் கரையைப் பார்வையிட்ட தேதிகள், பார்வையிட்டவரின் பதவி, ஏரியின் ‘டேங்க் மெமாயர்’ நகல். இந்தக் கடைசிப் பெயரைப் பொறியாளர்தான் சொல்லிக்கொடுத்தார். பழைய காலத்திலேயே ஒவ்வோர் ஏரிக்கும் கரை நீளம், கரை உச்சி மட்டம், கலங்கல் மட்டம், மதகுகளின் அளவு எல்லாம் எழுதிவைத்த குறிப்பு அது. கேள்வியை ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால் பதில் வராது. ‘எந்தத் தேதியில் செய்தீர்கள்’ என்று கேட்க வேண்டும். முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். ஒன்று இருபத்தெட்டாம் நாள் வந்தது, மற்றது மேல்முறையீட்டுக்குப் பிறகு. பார்வையிட்ட தேதி என்ற இடத்தில் ஒரு சிறு கோடு. 102 ஏக்கர்தான் சரியான கணக்கு என்று முடிவானது. யார் பொறுப்பு என்பதற்குப் பதில், கரை உடைந்து நான்கு மாதம் கழித்து ஒரு தாளில் என் கைக்கு வந்தது. அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு அன்று சாப்பிடாமல் படுத்தேன்.

கரையைக் கோடையில் கட்டினார்கள். ஒப்பந்தக்காரர் லாரி லாரியாகச் சவுடு கொட்டி, மேலே பொக்லைனை ஓட்டிச் சமப்படுத்தத் தொடங்கினார். பார்க்க மலை மாதிரி இருந்தது. மண்ணைக் குவித்தால் கரை ஆகாது. ஓர் அடிக்கும் குறைவான அடுக்காகப் பரப்பி, ஈரம் பார்த்துத் தெளித்து, ரோலர் ஓட்டி இறுக்கி, அதன்மேல் அடுத்த அடுக்கு என்று வர வேண்டும். பழைய கரையின் வெட்டு முகத்தைப் படிபடியாக வெட்டிப் புது மண்ணை அதில் கோத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஒட்டே அடுத்த ஓட்டை. அதே தகவல் உரிமைச் சட்டம் நடக்கும் பணியைப் பார்வையிடவும், மண் மாதிரி எடுக்கவும் நமக்கு உரிமை தருகிறது. இதைச் சொல்லி எழுத்தில் கொடுத்தேன், இந்த முறை ஒப்புதல் அட்டையோடு. நான்காம் நாள் ரோலர் வந்தது. ஒப்பந்தக்காரருக்கு என்மேல் வருத்தம். எதிரில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

ஏன் உடைந்தது என்று ஊரில் கேட்டால் ஆளுக்கொரு காரணம். நண்டு வளை, எலி வளை, சீமைக்கருவேலம், விதி. 2019 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரி மாவட்டத்தில் திவரே என்ற சின்ன மண் அணை உடைந்து பல உயிர்கள் போனபோது, நண்டுகள்தான் காரணம் என்று அமைச்சர் ஒருவரே சொல்லி நாடே கேலி செய்தது. வளை கரையைக் கெடுக்கும் என்பது பொய்யில்லை. ஆனால் வளையைப் பார்க்க ஒரு கண் போயிருந்தால் வளை வளையாகவே இருந்திருக்கும். நம் பக்கத்திலேயே 1977 நவம்பர் வெள்ளத்தில் திண்டுக்கல் அருகே கொடகனாறு அணையின் மண்கரை உடைந்தது. அப்பாவின் தலைமுறை அதைச் சொல்லிச் சொல்லிப் பயப்பட்டது. எங்கள் கரையில் சீமைக்கருவேலம் நிறையவே இருந்தது. அதன் வேரைவிட அதன் புதர்தான் எங்களுக்குக் கேடு செய்தது. முள்ளுக்குப் பயந்து யாரும் வெளிக்கரைச் சரிவில் நடக்கவில்லை. வெட்டுவதென்றால் கோடையில், ஏரி வற்றியிருக்கும்போது வெட்ட வேண்டும். வேரைப் பிடுங்கினால் அந்தக் குழியை இறுக்கி நிரப்ப வேண்டும். வெட்டிவிட்டு வேரை உள்ளே மட்க விட்டால் அதுவும் ஒரு குழாய்தான்.

இந்த ஆண்டு அக்டோபர் 2 கிராம சபையில், கலங்கலில் மூட்டை வைப்பதில்லை என்றும், மழைக்காலத்தில் இருவர் இருவராக முறைவைத்துக் கரையில் நடப்பதென்றும் தீர்மானம் எழுதி வாங்கினேன். மூட்டை விஷயத்தில் சண்டை வந்தது. கடைசித் தண்ணீருக்கு வழி என்ன என்று கடைமடைக்காரர்கள் கேட்டது நியாயம்தான். ஏரிக்குள் தூர் எடுக்கக் கேட்போம், கரையடியை விட்டுத் தள்ளி எடுக்கக் கேட்போம் என்று பேசி முடிந்தது. முறைநடைக்கு முதல் வாரம் எல்லாரும் வந்தார்கள். இப்போது நானும் அந்தப் பையனும்தான், என்னைப் போய்ப் படுக்கச் சொன்னவன்.

புது மதகின் பக்கத்தில் கொஞ்சம் ஈரம் இருக்கிறது. புதுக்கரைக்கு முதல் ஆண்டில் அப்படி இருக்கும் என்கிறார் பொறியாளர். அங்கே ஒரு சின்னப் பிளாஸ்டிக் குழாயைச் செருகி, ஒரு லிட்டர் பாட்டில் நிரம்ப எத்தனை நொடி என்று தினமும் காலையில் எண்ணுகிறோம். நிரம்பிய பாட்டிலை அசைக்காமல் மறுநாள் வரை ஜன்னலில் வைத்து அடியில் மண் படிந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். பக்கத்திலேயே ஏரி மட்டத்தையும் குறிக்கிறோம், ஏரி ஏறாமலே கசிவு ஏறினால் எழுத வேண்டும் என்பதற்காக. பழைய தபால் ரசீதுப் புத்தகம் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். இன்று காலை எழுதியது: மட்டம் ஏழு அடி நாலு அங்குலம், ஐம்பத்திரண்டு நொடி, தெளிவு. நேற்றைய பாட்டிலின் அடியில் ஒன்றும் இல்லை.